சிவப்பும் மஞ்சளும் ஒரே கிண்ணத்தில்

…உயிரோட கடைசியா பாக்கும்போதும் மச்சான் என்னைத் திட்டிட்டுதான் இருந்தான், தம்பி! செருப்பை மாட்டிக்கிட்டே, "மாமா, கிண்ணத்துல கை வச்சீங்க, நடக்கிறதே வேற"ன்னான். போனவன் போனவன்தான். வேலை செய்யற இடத்துலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டானாம்…

மச்சான்னா, என் வீட்டுக்காரியோட தம்பி. அவ போயும் இவன் போகல! "அக்காவே இல்ல, இன்னும் எதுக்குடா இங்க?"ன்னா, "உங்க சமையலைத் திருத்த"ம்பான். கொழுப்பு!

இருங்க தம்பி, மாடிப்படி எங்கயும் ஓடிடாது. இந்தக் கிண்ணத்தைப் பாருங்க, கடல்பஞ்சு. ஐயோ, பாத்திரம் தேய்க்கிறது இல்ல, உயிர் உள்ளது! மச்சான் கடல் ஆய்வுக்கூடத்துல தொட்டி கழுவுவான். அங்கேர்ந்து சிவப்புல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு கொண்டாந்து, என் நல்ல கைக்குட்டை… நல்ல கைக்குட்டை! அதுல வச்சுப் பிழிஞ்சான். ரெண்டும் பொடிப்பொடியா உதிர்ந்து, கலந்து, பழச்சாறு மாதிரி ஆயிடுச்சு.

"இனி எது எதுன்னு யாருக்குடா தெரியும்?"

"அதுங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பொடி மேலயும் ஒரு பசை இருக்கு, தன் இனத்தோட மட்டும்தான் ஒட்டும். நம்மளைப் பிழிஞ்சாலும், விடியறதுக்குள்ள நீங்க அந்த மூலை, நான் இந்த மூலை!"

முதல் தடவை கெடுத்தது நான்தான், ஒத்துக்கறேன். கிண்ணத்துல கடல்தண்ணி குறையுதேன்னு சமையல் உப்பைக் கரைச்சு ஊத்தினேன். பக்கத்துல பக்கத்துல வந்து உரசுது, ஒட்ட மாட்டேங்குது. "கடல்ல உப்பு மட்டுமா இருக்கு? சுண்ணாம்புச் சத்து வேணாமா?"ன்னு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான். அப்புறம் புதுசா பிழிஞ்சதுதான் இது. மறுநாள் காலையில அவன் போயிட்டான்.

எல்லாம் முடிஞ்சு வந்து பாக்கறேன்… சிவப்பு தனியா, மஞ்சள் தனியா, குட்டிக் குட்டி உருண்டை! கண்ணில்ல, மூக்கில்ல, எப்படித்தான் தேடிப் புடிச்சுதோ. சொன்னது சரிதான்டான்னு சொல்ல ஆள் இல்ல.

என் பையன் போன்ல சொல்றான், "அதைக் கொட்டிட்டு இங்க வாங்கப்பா, சொந்த ரத்தம் நாங்க இருக்கோம்"னு. மச்சான் என்ன என் ரத்தமா? ஆனா மூலைக் கணக்கு மட்டும் அவனுக்குத் தப்பு, தம்பி. இத்தனை வருஷமும் ஒரே ரூம்லதான் சண்டை போட்டோம்.

தண்ணி கலங்கிடுச்சு. புதுக் கடல்தண்ணி மாத்தணும், இல்லாட்டி செத்துடும். மச்சான் தண்ணி கொண்டாந்த கேன் அந்தா காலியா கிடக்கு. இந்த முட்டியை வச்சுக்கிட்டு கடலுக்குப் போற அந்தச் சரிவுல என்னால இறங்கி ஏற முடியாது. நீங்க துறைமுகத்துலதானே வேலை? சும்மா கேட்டேன்… உதவியெல்லாம் கேக்கல. நேரமாச்சா? போங்க, போங்க. நான் வாயைத் திறந்தாலே எல்லாருக்கும் அவசர வேலை வந்துடும்…

அட, அந்தக் கேனை எங்க தூக்கிட்டுப் போறீங்க? தம்பி! தம்பீ… மூடி இங்கயே இருக்கு!