முதுகுக்குக் காவல்

எனக்கு அதிகம் வியர்க்கும். பனி கொட்டுகிற டிசம்பரிலும் வியர்க்கும். வேறு தொழிலில் இருந்திருந்தால் இது ஒரு பேச்சே இல்லை. ஆனால் நான் அமெரிக்கன் ஃபுட்பாலில் சென்டர். குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுப்பவன். எனக்குப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக், தன் இரண்டு கைகளையும் என் பின்பக்கத்துக்குக் கீழே வைத்துத்தான் அதை வாங்கி எறிய வேண்டும். என் வியர்வை அவன் கைக்குப் போகும், கையிலிருந்து பந்துக்குப் போகும். பந்து வழுக்கினால் எல்லாம் போச்சு.

வெஸ் ஹாலோரன் பதினொரு வருஷம் அங்கே கை வைத்தவன். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. நாங்கள் சேர்ந்து ஆடிய முதல் வருஷமே ஒரு துண்டை எடுத்து வந்து என் இடுப்பில் அவனே செருகிவிட்டான். "நனைஞ்ச மாட்டைத் தடவுற மாதிரி இருக்குடா லூகோ" என்றான். அதை என் காதில் மட்டும் சொன்னான். என் முழுப்பெயர் லுகோவ்ஸ்கி. அதை முழுசாகச் சொல்ல எங்கள் டொலிடோ ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது.

லீக் அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் விசாரிக்க வந்தவரிடம் வியர்வைக் கதை பேசுகிறானே என்று நினைக்கிறீர்கள். முகத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை, ஆனால் என் வரிசையில்தான் சொல்வேன்.

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நாங்கள் ஐந்து தடியர்கள் மதிலாக நிற்கிறோம். அவனைச் சாய்க்க எதிரணி ஓடிவரும். சில சமயம் ஆறு பேர் வருவார்கள். அப்போது ஒருவன் மீதியாகிவிடுவான். யார் யார் வரப்போகிறார்கள் என்று பார்த்து, எங்கள் மதில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கத்துவது சென்டரின் வேலை. "லிண்டா" என்றால் இடப்பக்கம். "ரீட்டா" என்றால் வலப்பக்கம். அப்படியும் மீதியாகிறவன் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. அவனைப் பார்த்துவிட்டு, மோதுவதற்குள் பந்தை எறிந்துவிட வேண்டும். பார்க்காமல் அடி வாங்கினால் தப்பு குவார்ட்டர்பேக்குடையது. சென்டரை யாரும் கேட்க மாட்டார்கள். இது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதனால்தான் உங்களுக்கும் இங்கே வந்து சேர இத்தனை நாளாயிற்று.

அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோச் ஸ்ட்ராட்டன் எங்களைக் கூட்டி உட்கார வைத்தார். கையில் காபி இருந்தது. "இந்த வாரத்துலேர்ந்து கோல்பி ஆடுவான். வெஸ் பெரிய மனசோட ஒத்துக்கிட்டாரு. அடுத்தது, ஞாயித்துக்கெழம மழைன்னு சொல்றாங்க, எல்லாரும் நீள ஆணி வெச்ச ஷூவ எடுத்து வைங்க" என்றார்.

அவ்வளவுதான். பதினொரு வருஷத்துக்கும் ஷூவுக்கும் நடுவே மனிதர் ஒரு மூச்சுகூட விடவில்லை. எனக்கு அப்போதே கோபம் வந்தது. மேஜையைத் தூக்கிப் போடுகிற கோபமில்லை. அந்த வகைக் கோபம் எனக்கு வராது. என்னுடையது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது.

கோல்பி ஆர்னெட் டெக்சாஸ்காரன். இருபத்திரண்டு வயது. நல்ல பையன் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். முதல் நாள் பயிற்சியில் என் கீழே கை வைத்தவன், உடனே எடுத்து உதறினான். "அண்ணே, இது இடுப்பா இல்ல நம்ம ஊரு ஈரி ஏரியா?" என்று கேட்டான். மைதானமே சிரித்தது. மறுநாள் என் அலமாரி நிறையக் குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பா அடுக்கியிருந்தது, மேலே ஒரு ரப்பர் வாத்து. அன்பாகத்தான் செய்தான். நானும் சிரித்தேன், அந்த வாத்தை வீட்டுக்குக்கூட எடுத்துப் போனேன்.

அவன் ஜெயித்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இன்று வேலையே இல்லை. முதல் ஆட்டத்தில் ஜெயித்தான், அடுத்ததிலும் ஜெயித்தான். காலை ரேடியோவில் பேசுகிற வாயாடி ஒருவன், "ஹாலோரனைப் போன வருஷமே ஊட்டுக்கு அனுப்பிச்சிருக்கணும்யா" என்றான். ஜனங்கள் வெஸ் பெயர் போட்ட பழைய சட்டையைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல், புதிது வாங்கவும் மனமில்லாமல், ஹாலோரன் என்ற எழுத்தின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் ஆர்னெட் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். என் மைத்துனன் டக் அப்படி ஒரு சட்டையோடு என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா இது?" என்றேன்.

"டேப்புதான மச்சான், வேணும்னா பிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டான்.

அந்த ஊர் முழுக்க வெஸ் வாங்கிக் கொடுத்த வெற்றிகளைத் தின்று வளர்ந்த ஊர். அவனுடைய தோள் மூன்று முறை கழன்றிருக்கிறது, ஒரு முறை மைதானத்திலேயே நான்தான் பிடித்து நிறுத்தினேன். நன்றி கெட்ட ஜென்மங்கள். டக்குக்கு இறைச்சியும் எடுத்து வைத்தேன்.

வெஸ் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? தொப்பி போட்டுக்கொண்டு, மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று, கோல்பிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. அந்த மனிதனைக் கைதட்ட வைத்துவிட்டார்களே என்று எரிந்தது. அவன் முகம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் தூங்கி எழுந்தவன் முகம் மாதிரி. வலியை அப்படி மறைக்க அவன் ஒருவனால்தான் முடியும்.

வியாழக்கிழமைகளில் நாங்கள் மதில்காரர்கள் சேர்ந்து சாப்பிடப் போவோம். செலவு குவார்ட்டர்பேக்குடையது. முதுகைக் காக்கிறவர்களுக்கு வயிறு நிறையப் போட வேண்டும் என்பது பழைய முறை. மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தைய வியாழன் கோல்பி எங்களை அழைத்துப் போனான். பன்றி விலா எலும்பு தட்டுத் தட்டாக வந்தது. வெஸ்ஸையும் வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்திருந்தான். சாப்பாட்டுக்கு நடுவில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, உள்ளத சொல்லட்டா? மதில் எந்தப் பக்கம் சாஞ்சாலும் எனக்கு ரெண்டு பக்கமும் பயமாவே இருக்கு. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் எவனோ வர்ற மாதிரி இருக்கு. எறியறதுக்கே நேரம் பத்தல."

"நான் கத்துனா என்னை நம்பு. ரீட்டான்னு சொன்னா இடது பக்கம் திரும்பியே பாக்காத. அங்க எவனும் வர மாட்டான். உன் முதுகு என் பொறுப்பு."

"சத்தியமா?"

"சத்தியமா."

பையன் அப்படியே லேசாகிவிட்டான். என் தட்டில் இன்னொரு துண்டு விலாவை வைத்தான். அதற்கப்புறம் வெஸ் என்னை வெளியே கார் நிற்கிற இடத்துக்கு அழைத்துப் போய்க் கொஞ்ச நேரம் பேசினான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எங்கள் ஊரில். சொந்த ஊரில் பந்து நம் கையில் இருக்கும்போது ஜனங்கள் வாயை மூடிக்கொள்வார்கள், எங்கள் கூப்பாடு எங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கூட்டம் மொத்தமும் கோயிலில் நிற்கிற மாதிரி நிற்கும். அதனால்தான் நீங்கள் வைத்திருக்கும் ஆட்ட ஒலிப்பதிவு அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

எதிரணியில் எங்களுக்கு இடப்பக்கம் நின்றவன் ரோலண்ட் கீட்ஸ் என்கிற முரடன். அவன் ஆடிய படங்களை அந்த வாரம் முழுக்கப் பார்த்திருந்தேன். பாய வருவதற்கு முன் பல்காப்பை நாக்கால் உள்ளே தள்ளிக் கடிப்பான். வராத நேரத்தில் அது உதட்டில் தொங்கும். நான் குனிந்து பந்தில் கை வைத்துத் தலையைத் தூக்கினேன். அவன் பல்காப்பு உள்ளே போயிற்று.

"ரீட்டா" என்றேன்.

எங்கள் ஆட்கள் வலப்பக்கம் சாயத் தயாரானார்கள். அப்போது கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் "லிண்டா, லிண்டா" என்று கத்தியது. யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கீட்ஸின் வாயை வெஸ்ஸும் படித்துவிட்டான். என்னைத் தவிர அந்தப் படங்களை அப்படிப் பார்க்கக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

என் கீழே இருந்த கைகள் தயங்கின. "அண்ணே, சரிதான?" என்றான் கோல்பி.

"சரிதான்" என்றேன். பந்தைக் கொடுத்தேன்.

எனக்கு நேரே நின்றவனை நான் சரியாகத்தான் தடுத்தேன். படத்தைப் போட்டுப் பாருங்கள். பின்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை, சென்டர் பார்க்க முடியாது. சத்தம் மட்டும் கேட்டது. பையன் சொன்ன சொல்லைத் தட்டாமல் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். முதுகை முழுசாகக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறான்.

அவனிடம் முதலில் ஓடியவன் நான். குப்புறக் கிடந்தான். தலையை யாரும் தொடக் கூடாது என்று நான்தான் எல்லாரையும் தள்ளி நிறுத்தினேன். அவன் கண் திறந்திருந்தது.

"அண்ணே, என் காலு எங்க இருக்கு?"

"அங்கதான் தம்பி இருக்கு. அசையாத."

"எனக்குத் தெரியலண்ணே" என்றான். பயந்த மாதிரிகூடச் சொல்லவில்லை. சாவியை எங்கோ வைத்துவிட்டவன் கேட்கிற மாதிரி கேட்டான்.

வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு அணியும் முழங்காலிட்டு ஜெபம் செய்தோம். அப்புறம் ஆட்டம் தொடர வேண்டுமே. வெஸ் தொப்பியைக் கழற்றி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தான். நான் குனிந்தேன். அவன் கைகள் வந்து பழைய இடத்தில் நின்றன. நீங்கள் எழுதிக்கொள்ளலாம், அந்தப் பருவத்தில் நான் மனம் நிறைந்து ஆடியது அந்த ஒரு அரை ஆட்டம்தான். ஒரு கொசுவைக்கூட அவன் பக்கம் விடவில்லை. பந்து இரண்டு முறை அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, இரண்டு முறையும் நான் பாய்ந்து விழுந்து மூடிக்கொண்டேன். வெஸ் என் துண்டைச் சரி செய்யவில்லை. ஆட்டம் முடிந்ததும் நேரே காருக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை கோச்சுகள் படத்தைப் போட்டு மார்க் போட்டார்கள். அந்த ஆட்டக்கட்டத்துக்கு கோல்பிக்கு முட்டை. "மீதி ஆளைப் பாக்கல பாவம், அனுபவம் பத்தல" என்றார் ஸ்ட்ராட்டன். எனக்கு முழு மார்க். இப்படி ஒரு ஆள்தான் யார் ஆட வேண்டும், யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிறார். உங்களுக்குக் கோபம் வரவில்லையா?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? தலையைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு, கூரையைப் பார்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் வராது என்று டாக்டர் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளகிட்ட மொதல்ல ஓடினது நீங்கதானாமே" என்று அழுதார்கள்.

கோல்பி கூரையைப் பார்த்தபடியே பேசினான். "மன்னிச்சுருங்கண்ணே. நீங்க சரியாத்தான் கத்தியிருப்பீங்க. நான்தான் பந்தை ரொம்ப நேரம் வெச்சுக்கிட்டேன்."

"பரவாயில்ல தம்பி. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். அவனுக்கு ஸ்ட்ரா வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

ஆக, ஆமாம். கீட்ஸ் வருவான் என்று தெரிந்தே தப்பான பக்கம் கத்தினேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பையன் நடக்க முடியாமல் போக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. நான் அவனைப் பற்றி அவ்வளவாக நினைக்கவே இல்லை. வெஸ்ஸின் இடம் காலியாக வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். பதினொரு வருஷம் நின்ற இடம். அதை ஒருவன் காபி குடித்துக்கொண்டே பிடுங்கிக் கொடுத்தான், ஊர் டேப் ஒட்டி மூடியது. யாராவது ஒருவர் கேட்க வேண்டாமா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காகிதத்தை இவ்வளவு நேரமாக என் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். வெஸ் கையெழுத்துப் போட்டு உங்களுக்குக் கொடுத்தது. படிக்க வேண்டாம், அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். விளையாட்டை விட்டு விலகியதையும் கேள்விப்பட்டேன். என் போனை எடுப்பதில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், அவன் மனைவி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசி அனுப்பினாள். கோபத்தில் இருக்கிறான், இறங்கட்டும்.

அந்த வியாழக்கிழமை கார் நிற்கிற இடத்தில் அவன் சொன்னது இதுதான். "லூகோ, கோச் என்னை உக்கார வெக்கல. நான்தான் போயி கேட்டேன். கை மரத்துப் போவுதுடா, ரெண்டு விரலுல உணர்ச்சியே இல்ல. கழுத்துல இன்னொரு அடி விழுந்தா அவ்ளோதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய சொன்னா டீமே கலங்கிரும்னுதான் வாய மூடிக்கிட்டிருக்கோம். நான் நல்லாத் தூங்கறேன்டா இப்ப. அந்தப் பையன நல்லாப் பாத்துக்க, எனக்காக."

அதைத் தெரிந்துகொண்டுதான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்துகொண்டுதான். ஆனால் நீங்கள் மைதானத்தில் நின்றவர் இல்லை, அதனால் சொல்கிறேன். தனக்கு எது ஆபத்து, எது நல்லது என்று குவார்ட்டர்பேக்குக்கு ஒரு நாளும் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லத்தானே முன்னால் ஒருவன் குனிந்து நிற்கிறான். பதினொரு வருஷம் வெஸ்ஸுக்கு எது நல்லது என்று நான்தான் முடிவு செய்தேன், அன்றைக்கு மட்டும் அவனைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.