சிவப்புக் காரை விற்பவர்

காலையில் சேவூரிலிருந்து திருப்பூர் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். சின்னதாகப் பனியன் யூனிட் வைத்திருப்பவர்கள். முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறார்கள்.

“அந்தச் செவப்பு ஸ்போர்ட்ஸ் காருல ரெண்டே சீட்டுதானுங்க. மெக்கானிக்கை எங்க உக்கார வெக்கறது?”

“ஆர்டர் குடுக்கற பையர் முன்னால அதுல போயி எறங்குனா மதிப்பே வேற.”

“எறங்கறதுக்கு மொதல்ல அது ஓடோணுமுல்லீங்க? டாக்டரூட்டுல விக்கற வெள்ளைக் காரு ஒரு நாளும் வழியில நின்னதில்லையாமா.”

“அது வயசானவங்க வண்டி. செவப்புக் காரை விக்கறவரு பொய் சொல்ற ஆளில்ல. நல்லாப் பழகுனவரு.”

“அவரு எப்படீங்க உங்களுக்குப் பழக்கம்?”



“டெய்லி இந்த பஸ்ஸுலதான் வருவாரு.”