கண்ணாடி வாங்கி வந்த அன்று

— மூணு மாசம்னு டாக்டரம்மாகிட்ட சொன்னியே, அது நெசமா?

— நெசந்தான்.

— மூணு மாசமா மார்ல கட்டிய வச்சுக்கிட்டு, கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உன் தையக்கடையில பட்டன் கட்டற பொண்ணு, நீ தனியாப் பொலம்பினது காதுல விழுந்து, போன் பண்ணிச் சொல்லித்தான் எனக்கே தெரியுது. “ஏன் இவ்வளவு லேட்டாக் கூட்டிட்டு வந்தீங்க”ன்னு டாக்டரம்மா என்னைக் கேக்கறாங்க, நான் திருதிருன்னு முழிக்கிறேன். இந்தா பாரு, முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன். பின் டயர்ல காத்து கொறஞ்சாக்கூட சீட்ல உக்காந்தபடியே சொல்லிடுவேன். வீட்ல இருக்கிறவளுக்கு என்னன்னு தெரியல.

— மெதுவாப் பேசுங்க. எதிர் பெஞ்சுல எல்லாரும் நம்மளத்தான் பாக்கறாங்க. நமக்கு முன்னாடி இன்னும் எத்தனை பேரு?

— நாலு பேரு. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்களே, அந்த ரிசல்ட் உள்ளதான் இருக்காம். நீ பேச்ச மாத்தாத. ஏன் சொல்லல?

— அது கெடக்கட்டும். உங்கள ஒண்ணு கேக்கணும். இந்தப் போன் இருக்கே, நாம பேசறத நமக்கே தெரியாம இன்னொருத்தர் கேக்க முடியுமாங்க?

— இப்ப எதுக்கு அது?

— கடையில பேச்சு வந்துச்சு. அந்தப் பொண்ணு முடியும்ங்கறா. கட்டிங் மாஸ்டர் அதெல்லாம் சும்மா புரளிங்கறார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு கேட்டேன்.

— ஸ்டியரிங் பிடிக்கிறவன்கிட்ட வந்து கேக்கற பாரு. எனக்கு எப்படித் தெரியும்?

— கழுத்து வேர்த்துக் கொட்டுதே. ஏசிக்கு நேர் கீழதானே உக்காந்திருக்கீங்க.

— முடியும்.

— ம். சொல்லுங்க.

— போன வருஷம் அந்த மாஸ்டர வச்சு நமக்குள்ள சண்டை வந்துச்சுல்ல. டிப்போ வாசல்ல போன் ரிப்பேர் பாக்கறவன்தான் சொன்னான், “அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை, அவங்க போனக் கொண்டாங்க”ன்னு. சார்ஜ் நிக்கலன்னு நீ சொன்னே, பாத்துட்டு வரேன்னு நான் வாங்கிட்டுப் போனேனே, அன்னிக்குத்தான் போட்டான். உன் போன் பக்கத்துல எந்தச் சத்தம் கேட்டாலும் என் போன்ல வந்து உக்காந்துக்கும். டிரிப்பு முடிஞ்சா ஓரமா நிறுத்திட்டு, காதுல மாட்டிக்கிட்டுக் கேப்பேன்.

— என்னதான் கேட்டீங்க?

— முக்காவாசி மிஷின் ஓடற சத்தம். அப்புறம் அந்தப் பொண்ணோட காதல் கதை, மாஸ்டரோட மூலவியாதி. வீட்டு ஸ்டூல் ஆடுது, இடுப்பு போச்சுன்னு நீ உன் தங்கச்சிகிட்ட பொலம்பினது. என்னத்தையோ கண்டுபிடிக்கப் போனவனுக்கு ஸ்டூல் கதைதான் கெடச்சுது. வெக்கமாப் போச்சு.

— மறுநாளே உக்காந்து ஆணி அடிச்சீங்க.

— உனக்குத் தெரிஞ்சு போச்சா?

— அப்ப தெரியல. ஊசி கோக்க முடியல, கண்ணு மங்குதுன்னு தங்கச்சிகிட்ட மட்டுந்தான் போன்ல சொன்னேன். மூணாம் நாளு கண்ணாடி வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க. போட்டுப் பாத்த சந்தோஷத்துல மொதல்ல ஒண்ணும் தோணல. நீங்க வெளிய போனதுக்கப்புறந்தான் யோசிச்சேன். அந்தப் போன எடுத்து அயர்ன் பாக்ஸுக்கு அடியில வைக்கணும்போல இருந்துச்சு.

— என்கிட்ட ஏன் சண்டைக்கு வரல?

— ஒரு வருஷமா நமக்குள்ள என்ன பேச்சு? சாப்பாடு மூடி வச்சிருக்கு, சாவி ஆணியில இருக்கு. அவ்வளவுதானே. கோவம் அடங்கினதும், இப்படியாவது இந்த மனுஷன் நான் சொல்றதக் கேக்கறாரேன்னு ஆயிடுச்சு.

— மன்னிச்சுக்கம்மா. நான் செஞ்சது அசிங்கம். அன்னிக்கு அந்தக் கண்ணாடியப் போட்டு, நூல ஒரே தடவையில கோத்துட்டு, என்னைப் பாத்துச் சிரிச்ச பாரு. சண்டைக்கப்புறம் நீ சிரிச்சது அன்னிக்குத்தான். தாங்க முடியல எனக்கு. அப்பவே தெருவுக்கு வந்து, என் போன்ல இருந்தத மொத்தமா அழிச்சுட்டேன்.

— அன்னிக்கேவா?

— அன்னிக்கேதான். அப்புறம் ஒரு வார்த்தைகூடக் கேக்கல. சத்தியம். ஏன் அப்படிப் பாக்கற? என் ஜென்மத்துல நான் செஞ்ச உருப்படியான காரியம் அது ஒண்ணுதான்.

— கட்டி கையில தட்டுப்பட்டது அதுக்கு அடுத்த வாரம்.

— நேர்ல சொல்ல வாய் வரலன்னா, தங்கச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே.

— யார்கிட்டயும் சொல்லல. மிஷின நிறுத்திட்டு, போன எதிர்ல வச்சுக்கிட்டு, “என்னங்க, எடது பக்கம் ஒரு கட்டி இருக்கு, பயமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க”ன்னு உங்ககிட்டதான் சொன்னேன். தெனமும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி சாப்பிட்டுட்டுப் போறாரேன்னு, மூணு மாசமா உங்க மேல கோவமா இருந்தேங்க.