ஞாயித்துக்கிழமை நாலு மணிக் கமிட்டி

பயப்படாதீங்க சிஸ்டர், கப்பு சாசர்தான். ஒரு டஜன். சிவாஜிநகர்ல வாங்கினேன், அதான் வண்டி ஆடும்போதெல்லாம் இந்தச் சத்தம். நீங்க திரும்ப வேணாம், முன்னாடி பாத்துக்கிட்டே கேளுங்க, நான் பின் சீட்டுலேர்ந்தே பேசுறேன். வெள்ளைச் சேலையைப் பாத்ததும் ஆஸ்பத்திரி நர்சுன்னு தெரிஞ்சிட்டுது. அதான் மூணு சீட்டு தாண்டி இங்க வந்து உக்காந்தேன். இந்தக் கதையை ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டதான் சொல்லணும்.

அவசரமா? அதை ஏன் கேக்குறீங்க. நாலு மணிக்குள்ள நான் அடுகோடியில இருக்கணும். இப்பவே மூணேகால். இந்த பஸ்ஸு ஜான்சன் மார்க்கெட்டாண்ட வந்து கொதிச்சிப் போயி நின்னுட்டுது. பக்கெட்டை எடுத்துக்கிட்டு தண்ணிக்குப் போன கண்டக்டரு போனவருதான். டிரைவரைக் கேட்டா ஸ்வல்ப தாளின்றாரு. கொஞ்சம் பொறுத்துக்கணுமாம். கமிட்டி எனக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டா என் மானம் போயிடும், அது அவருக்கு எங்க தெரியும்.

என்னா கமிட்டியா? சொல்றேன். என் பேரு அய்யாவு. டேனரி ரோடு பக்கத்துல ஸ்டவ் ஃபாக்டரி, அங்க டைம் ஆபீஸு. கேட்டாண்ட சின்ன ரூமு, அதுல கை நுழையற அளவுக்கு ஒரு ஜன்னல். காலையில எல்லாரும் கார்டை நீட்டுவாங்க, நான் முத்திரை குத்துவேன். ஒரு நிமிஷம் லேட்டுன்னாலும் சிவப்பு மசி. இருபத்திரண்டு வருஷமா இதே வேலை. அறுநூறு பேருக்கும் என் கை தெரியும் சிஸ்டர், மூஞ்சி தெரியாது. தெரிஞ்சவனும் என்னைத் தெருவுல பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்குவான். சிவப்பு மசி போட்டவனை யாரு நின்னு சௌக்கியமான்னு கேப்பாங்க?

போன வருஷம் வெல்ஃபேர் ஆபீசர்னு ஒருத்தரு வந்தாரு, சேஷகிரின்னு, மைசூர்க்காரரு. இவ்வளவு ஆளு இருந்தா அப்படி ஒருத்தரை வச்சே ஆகணும்னு சட்டமாம். வந்தவரு ஃபாக்டரியை ஒரு சுத்து சுத்தினாரு. பாத்தா, சோறு திங்கறதுக்குக்கூட தனித்தனி மரத்தடி. தமிழாளு ஒரு மரம், கன்னடக்காரங்க ஒரு மரம், லேத்து மெஷின்காரங்க ஒரு மரம், பாலிஷ் போடுறவங்க ஒரு மரம். ஒருத்தன் பத்து நாளு வரலைன்னா ஏன்னு கேக்க நாதியில்ல. மனசு நல்லாயிருந்தாத்தான் கை வேலை செய்யும்னாரு சேஷகிரி. மேனேஜரு சிரிச்சாரு. இவரு விடலை, கமிட்டி போட்டுட்டாரு. எவனாச்சும் மூணு நாளு சேந்தாப்ல வரலைன்னா போர்டுல அவன் பேரு ஏறும், கீழ பாக்கப் போற நாலு பேரு கையெழுத்துப் போடணும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு பிரட்டும் கிச்சிலிப்பழமும் எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயி விசாரிக்கணும். யாரு வரலைன்னு எனக்குத்தானே தெரியும், அதனால செக்ரெட்டரி நான்.

மொத வீடே விவகாரமாப் போச்சு. பாலிஷ்ல மைக்கேல்ராஜுன்னு ஒருத்தன், பிரேசர் டவுன். வயித்து வலின்னு லீவு. கதவைத் தட்டினா உள்ள தடதடன்னு ஓடுற சத்தம். அவன் சம்சாரம் அல்போன்சா கதவைத் தொறந்து, ஐயோ, துடியாத் துடிக்கிறாரேன்னு ஒரே அழுகை. உள்ள போனா கழுத்து வரைக்கும் கம்பளி போத்திக்கிட்டுப் படுத்திருக்கான். புருவத்துல சுண்ணாம்பு, மூக்குல சுண்ணாம்பு. சுவரு பாதி வெள்ளை, பாதி கறுப்பு. பொண்ணைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்கன்னு வெள்ளையடிக்க லீவு போட்டிருக்கான் பாவி! கம்பளிக்குள்ளேர்ந்து சுண்ணாம்பு அடிக்கிற மட்டை வேற எட்டிப் பாக்குது.

என்கூட வந்தவங்கள்ல லேத்து கோவிந்தப்பாவும் ஒருத்தன். அவனுக்கும் மைக்கேல்ராஜுக்கும் ஆறு வருஷமாப் பேச்சில்ல. மரத்தடியில இடத்துக்கு சண்டை. கோவிந்தப்பா நேரா கட்டிலாண்ட போயி அந்த மட்டையை உருவினான். செத்தான்டா மைக்கேல்ராஜுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா, சட்டையைக் கழட்டி வச்சிட்டு மீதி சுவத்தை அடிச்சிக்கிட்டிருக்கான்! நோயாளி எழுந்து ஏணியைப் பிடிச்சிக்கிட்டான். எல்லாருமா சேந்து முடிச்சிட்டு அல்போன்சா போட்ட மீன் குழம்பைத் தின்னுட்டு வந்தோம். திங்கக்கிழமை லேத்தும் பாலிஷும் ஒரே மரத்தடி.

நீங்க சிரிக்கிறீங்க, மேனேஜரு சிரிக்கலை. ஏன்னா அதுக்கப்புறம் லீவு ஏறிப்போச்சு. நாலு பேரு வீடு தேடி வராங்கன்னா சும்மாவா? ஆளாளுக்குப் படுக்க ஆரம்பிச்சிட்டான். பேக்கிங்காரன் சம்சாரம் யசோதா ஃபாக்டரி கேட்டுக்கே வந்துட்டுது. பக்கத்து வீட்டுக்கு ரெண்டு தடவை கமிட்டி வந்தாச்சு, என் வீட்டுக்காரரு மட்டும் ஒரு தும்மல் போடாம நிக்கிறாரே, தெருவுல தலை காட்ட முடியலைன்னு ஒரே கலாட்டா. ஆனா சேஷகிரி அசரலை. படுத்து எழுந்து வந்தவன் முன்னைக்கு ரெட்டிப்பா வேலை செய்யறானா இல்லையா, நீங்களே போயிப் பாருங்கன்னு சொல்லி மேனேஜரு வாயை அடைச்சிட்டாரு.

நான் போகாத வீடில்ல சிஸ்டர். ஆனேக்கல் வரைக்கும் போயிருக்கேன். அம்பத்தோரு வீடு. அம்பத்தோரு கட்டிலோரம் உக்காந்து, எப்படிப்பா இருக்கேன்னு கேட்டிருக்கேன். கார்டு நீட்டுற கை யாரு கைன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சிது. ஆனா திங்கக்கிழமை காலையில மறுபடியும் ஜன்னல், மறுபடியும் சிவப்பு மசி.

இன்னிக்கு யாரு வீடா? இருக்கான் ஒருத்தன். ஒண்டி ஆளு. சம்சாரம் பாஞ்சாலி போயி எட்டு வருஷமாச்சு. அந்தக் காரியத்துக்கு வந்தவங்கதான், அதுக்கப்புறம் அந்த வீட்டுப் படியை ஒருத்தரும் மிதிக்கலை. வீட்ல கப்பு ஒண்ணே ஒண்ணு. அதான் இந்த ஒரு டஜன். மூணு நாளா வேலைக்கு வரலை, என் அசிஸ்டெண்ட் அசோகன் போர்டுல பேரு போட்டிருப்பான். கீழ கையெழுத்து யாரு போட்டாங்கன்னுதான் தெரியலை. யாருமே போடலைன்னா? மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல சிஸ்டர். செக்ரெட்டரிக்கே எப்படித் தெரியாமப் போச்சுன்னா... தெரியாது, விடுங்க.

ஐயோ, சிஸ்டர்! கொஞ்சம் இப்படி நகந்து ஜன்னலை மறைச்சிக்குங்க. சைக்கிளு! முன்னாடி வர்றது கோவிந்தப்பா, ஹேண்டில்ல பிரட்டு தொங்குது பாருங்க. நான் தலையைத் தூக்க முடியாது, சீட்டுக்கு அடியில இருக்கேன். நீங்க எண்ணிச் சொல்லுங்க. நாலா? அஞ்சா? ரூலு நாலுதான், நல்லாப் பாருங்க. ஏழு சைக்கிளா? பின்னாடி உக்காந்திருக்கிறவங்களையும் சேத்து எத்தனை தலை? பதினொண்ணா!

எதுக்கு ஒளியறேனா? அட என்னா சிஸ்டர், நோயாளி நான்தான். ஜுரம்னு சீட்டு எழுதி அனுப்பிட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல மொத லீவு. பொய்தான், ஒத்துக்கிறேன். எனக்குத் தலைவலிகூட வராத உடம்பு, நான் வேற என்னா பண்றது? அம்பத்தோரு கட்டிலோரம் உக்காந்தவன், ஒரே ஒரு தடவை கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாக்கணும்னு ஆசை வந்துட்டுது. என் வீட்லயும் நாலு பேரு செருப்புக் கழட்டிப் போடணும்னு இருந்துது. ரெண்டு பேரு வந்தாப் போதும்னுதான் நெனச்சேன். பதினொரு பேரு வராங்க சிஸ்டர். ரூலை மீறி வராங்க. செக்ரெட்டரியா இதை நான் கண்டிக்கணும். கண்ணெல்லாம் ஒண்ணுமில்ல, சீட்டுக்கடியில ஒரே தூசி.

அப்பாடா, வண்டி கெளம்பிட்டுது! மேட்டுல டபுள்ஸு மிதிக்க மூச்சு வாங்கும், முந்திடலாம். பின்பக்கமாப் பூந்து கம்பளியை இழுத்துப் போத்திக்கிட்டாப் போதும். இருமலு வரும் எனக்கு, அனத்துறதும் வரும், அம்பத்தோரு பேரைப் பாத்திருக்கேன் இல்ல. ஒரு சங்கதிதான் பிடிபடலை. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க, சொல்லுங்க. ஜுரத்துல படுத்திருக்கிறவன் வாயை மூட முடியாம சிரிச்சிக்கிட்டே இருந்தா, சந்தேகப்படுவாங்களா?