கோட்டு நுனியைப் பிடிக்கும் வேலை

ஆர்லிஸ்: உக்காருடி! உக்காருன்னு சொல்றேன்ல!

டீனா: அது ஃபவுல், கோச்! கையைப் பிடிச்சு இழுத்தா! ஜிம்ல இருக்கிற அத்தனை பேரும் பார்த்தாங்க, அந்த ரெஃப்ரி ஒருத்தரைத் தவிர...

ஆர்லிஸ்: அவங்க பார்த்தா போதும். நீ கத்தாதே. உன் கால் கோச் நிக்கற எல்லையைத் தாண்டிப் போயிருக்கு, பாரு. உள்ள வா.

டீனா: என் கோட்டை விடுங்க, கிழியுது.

ஆர்லிஸ்: கிழிஞ்சா தெச்சுக்கலாம். இந்த சீசன்ல ரெண்டு தடவை ரெஃப்ரியைப் பார்த்துக் கத்தி டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினவளை விடச் சொல்றியா? இன்னிக்கு பாஸ்கெட்பால் ஃபைனல்டி. வாய் நீண்டா அவங்களுக்கு இலவசமா ஃப்ரீ த்ரோ.

டீனா: தெரியும்... பிரிட்டா! கையைத் தூக்கு! தூக்கு, தூக்கு... ஆங், அப்படி!

ஆர்லிஸ்: எதிர்ல மூணாவது வரிசையில பார்த்தியா? நம்ம காலேஜ் பிரசிடெண்ட் ஹால்வர்சன். பாப்கார்னை வாயில வெக்காம கையிலயே வெச்சுட்டு உக்காந்திருக்காரு.

டீனா: பார்க்கலை. பார்க்கவும் மாட்டேன்.

ஆர்லிஸ்: ஜெயிச்சா உன் பேருக்கு முன்னால இருக்கிற 'தற்காலிக கோச்'ல 'தற்காலிக' போயிடும். தோத்தா டெ மாயின் ஊர்ல இருந்து யாரோ ஒருத்தனைக் கொண்டுவரப் போறாராம்.

டீனா: கோச், நீங்க என்னை அமைதிப்படுத்த வந்தீங்களா, பயமுறுத்த வந்தீங்களா?

ஆர்லிஸ்: கோட்டு நுனியைப் பிடிக்க வந்தேன். அவ்வளவுதான்... அய்யோ, போச்சே!

டீனா: பரவாயில்ல, ரெண்டு பாயிண்ட்தானே. நாம இன்னும் ஒண்ணு முன்னால இருக்கோம். ரெண்டு நிமிஷம்... கோச், ஆளுக்கு ஆள் பிடிச்சு நிக்கச் சொல்லவா, இடத்தைப் பிரிச்சு நிக்கச் சொல்லவா?

ஆர்லிஸ்: எனக்குத் தெரியாது.

டீனா: முப்பது வருஷம் கோச்சா இருந்துட்டு தெரியாதா?

ஆர்லிஸ்: தெரியாது. இதய ஆபரேஷன் பண்ணப்போ அதையும் வெட்டி எடுத்துட்டாங்க.

டீனா: விளையாடாதீங்க!

ஆர்லிஸ்: நீதான்டி விளையாட வைக்கணும். நான் வாயைத் திறந்தேன்னு வை, நாளைக்கு ஊரெல்லாம் என்ன பேசும்? பழைய கோச் பக்கத்துல உக்காந்து பொம்மை ஆட்டுறாளேன்னு பேசும். அதான் வாய்ல புதினா மிட்டாய் போட்டுட்டு உக்காந்திருக்கேன். இது நாலாவது.

டீனா: சரி... ஆளுக்கு ஆள்! யோஹானா! ஆளுக்கு ஆள்!

ஆர்லிஸ்: ம்.

டீனா: என்ன 'ம்'? நல்ல 'ம்'மா, கெட்ட 'ம்'மா?

ஆர்லிஸ்: மிட்டாய் கரையுது.

டீனா: உங்களுக்கு இரக்கமே கிடையாது.

ஆர்லிஸ்: அவங்க ஃப்ரீ த்ரோ போடறாங்க. மூச்சு விடு... என்னடி, உதடு அசையுது?

டீனா: ஜெபம் பண்றேன்.

ஆர்லிஸ்: ஜெயிக்கணும்னா? அந்தப் பக்கம் மார்ஸ்டன் டீம் பெஞ்சுலயும் ஒருத்தி பண்ணிட்டிருக்கா. ஆண்டவரை ஏன் சங்கடப்படுத்தறே?

டீனா: ஜெயிக்கணும்னு கேக்கலை. தப்பா எதுவும் பண்ணிடக் கூடாதுன்னு கேக்கறேன்.

ஆர்லிஸ்: அது சரி. அது கேக்கலாம்... உள்ள போயிடுச்சு! ஒண்ணு போச்சு! சமம்!

டீனா: அடுத்தது விழாது. விழாது, விழாது... விழலை! அறுபதுக்கு அறுபது!

ஆர்லிஸ்: கிள்ளாதடி! என் தொடை!

டீனா: மன்னிச்சுக்கோங்க.

ஆர்லிஸ்: உன்னை நான் தேர்வு பண்ணினதே கிடையாது, தெரியும்ல? உன் ஸ்கூல்ல அந்த உயரமான பொண்ணைப் பார்க்கத்தான் பனியில நூறு மைல் வண்டி ஓட்டிட்டு வந்தேன்.

டீனா: கார்லா.

ஆர்லிஸ்: கார்லா. அவ கடைசியில மினசோட்டா காலேஜுக்குப் போயிட்டா. செப்டம்பர்ல நம்ம காலேஜ் திறந்தப்போ வந்து நின்னது யாருன்னு பார்த்தா, அவளுக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்துட்டிருந்த குட்டைப் பொண்ணு. கையில ஒரு பையும் தலைகாணியும்.

டீனா: நீங்க வந்தப்போ உங்க வண்டி பனியில மாட்டிக்கிச்சே. யார் தள்ளினா?

ஆர்லிஸ்: நீதான். அதுக்காகத்தான் டீம்ல சேர்த்தேன். ஆடத் தெரியும்னு இல்ல.

டீனா: நாலு வருஷமும் பெஞ்சு.

ஆர்லிஸ்: ஏன், ஒரு தடவை இறக்கிவிட்டேனே. காலேஜ்ல நீ போட்ட முதல் கூடை யார் கூடை?

டீனா: அதை இப்போ ஞாபகப்படுத்தணுமா?

ஆர்லிஸ்: நம்ம கூடை! எதிரிக்கு ரெண்டு பாயிண்ட் தானம் பண்ணிட்டு கையைத் தூக்கிட்டு ஓடி வந்தே பாரு...

டீனா: யோஹானா, பந்தை விடு! பிரிட்டாகிட்ட... ஆஹா! உள்ள போயிடுச்சு! ரெண்டு முன்னால!

ஆர்லிஸ்: உக்காரு, உக்காரு, உக்காரு... எனக்கும் எழுந்துக்கணும் போல இருக்கே!

டீனா: நீங்க எழுந்துக்கக் கூடாது. ஆர்வலுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

ஆர்லிஸ்: என் புருஷனுக்கு நீ எதுக்குடி சத்தியம் பண்றே? இத்தனை வருஷம் நான் குதிச்சப்போ என் கோட்டை இழுத்தவ நீ. வேன் ஓட்டினே, ஜெர்சி துவைச்சே, வீடியோ வெட்டினே, பண்ணை பண்ணையாப் போய்ப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்தே. அதெல்லாம் கூட யாரும் செய்வாங்க. என்னை இழுத்துப் பிடிச்சு உக்கார வெச்சே பாரு, அதுக்குத்தான் உனக்குச் சம்பளம் குடுத்திருக்கணும்.

டீனா: ஒரு தடவை கோட்டுக் கை மட்டும் கிழிஞ்சு என் கையோட வந்துடுச்சு. நீங்க ஒத்தைக் கை கோட்டோட ரெஃப்ரிகிட்ட போய் நின்னீங்க.

ஆர்லிஸ்: அவரு சிரிச்சதுல டெக்னிக்கல் குடுக்க மறந்துட்டாரு... ஏய், ஏய்! பந்தைத் தட்டிட்டா! யோஹானா தட்டிட்டா!

டீனா: ஓடு! ஓடு!

ஆர்லிஸ்: அவங்கள்ல ஒருத்தி கீழ விழுந்துட்டா. நாலு பேர்தான் இருக்காங்க! நாம அஞ்சு! ரெண்டு பாயிண்ட் கையில! முடிஞ்சுதுடி, மேட்ச் முடிஞ்சுது!

டீனா: அந்தப் பொண்ணு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு... டைம் அவுட்! ரெஃப்ரி! டைம் அவுட்!

ஆர்லிஸ்: என்னது?

டீனா: டைம் அவுட்!

ஆர்லிஸ்: நம்மகிட்ட இருந்த கடைசி டைம் அவுட்! பிரிட்டா வளையத்துக்குக் கீழ நிக்கறா! டீனா! நீ... நான் ஒண்ணும் சொல்லலை. மிட்டாய் எங்க? எங்க போச்சு மிட்டாய்? ஏய், எங்கடி போறே? கோட்டைப் பிடிச்சிருக்கேன்னு தெரியுதா இல்லையா... டீனா! ஆண்டவரே, இவ எங்க போறா? படிக்கட்டுல எதுக்கு ஏறறா?

டீனா: வந்துட்டேன், வந்துட்டேன். பொண்ணுங்களா, கிட்ட வாங்க. நேரமில்ல. பந்து நம்மகிட்டதான் இருக்கு. அவசரப்படாதீங்க. இனிமே என்னால நிறுத்த முடியாது, நீங்களே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கங்க. போங்க!

ஆர்லிஸ்: எங்க போனே?

டீனா: அந்தப் பொண்ணு அம்மா எங்க, அம்மா எங்கன்னு அழுதா. அவங்க மேல கூட்டத்துல மாட்டிக்கிட்டு இறங்க முடியாம நின்னாங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.

ஆர்லிஸ்: நானா இருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்.

டீனா: தெரியும்.

ஆர்லிஸ்: ரெண்டு பாயிண்டைப் போட்டுட்டு அப்புறம் போய்ப் பார்த்திருப்பேன்.

டீனா: அதுவும் தெரியும்.

ஆர்லிஸ்: இப்போ எனக்குப் பெருமையா இருக்கா வயித்தெரிச்சலா இருக்கான்னே தெரியலை.

டீனா: மாத்திரை போட்டீங்களா?

ஆர்லிஸ்: போட்டாச்சு, பந்தைப் பாரு! அய்யோ, தவறிடுச்சு! அவங்க எடுத்துட்டாங்க!

டீனா: திரும்பு! திரும்பி ஓடு! அந்த ஆறாம் நம்பரைப் பிடி... தூரத்துல இருந்து போடறா, போடறா...

ஆர்லிஸ்: போட்டுட்டா. மூணு பாயிண்ட்.

டீனா: ஒண்ணு பின்னால.

ஆர்லிஸ்: ஏழு வினாடி இருக்கு. கையில ஒரு டைம் அவுட் இருந்திருந்தா... இல்ல, நான் ஒண்ணும் சொல்லலை.

டீனா: ஓடு யோஹானா! என்னைப் பார்க்காதே, வளையத்தைப் பாரு! போடு!

ஆர்லிஸ்: வெளிய... வெளிய உருளுது...

டீனா: பிரிட்டா! பிரிட்டா!

ஆர்லிஸ்: தட்டிட்டா! உள்ள! உள்ள போயிடுச்சு!

டீனா: நேரம் முடியற பஸருக்கு முன்னாடி தட்டினாளா, பின்னாடியா? கோச்! முன்னாடியா?

ஆர்லிஸ்: ரெண்டும் ஒண்ணாக் கேட்டுச்சு எனக்கு... ரெஃப்ரிங்க மூணு பேரும் சேர்ந்து பேசறாங்க. உக்காரு. போகாதே அங்க. இப்போ போய்க் கத்தினே, நானே உன்னைக் கொல்லுவேன்.

டீனா: வீடியோல பார்க்கக் கூடாதா?

ஆர்லிஸ்: நம்ம ஜிம்ல கூரை ஒழுகாம இருந்தாலே பெரிசு. வீடியோவாம்.

டீனா: கோச்... கூடை இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா ஒண்ணு செய்யறேன். நேரா ஹால்வர்சன்கிட்ட போறேன். டெ மாயின் ஆள் வேண்டாம், ஒரு வருஷம் பொறுங்க, டாக்டர் சரின்னதும் எங்க கோச்சே திரும்பி வந்துடுவாங்கன்னு சொல்றேன். நான் பழையபடி கோட்டு பிடிக்கறேன்.

ஆர்லிஸ்: போகாதே.

டீனா: ஏன்?

ஆர்லிஸ்: டாக்டர் சரின்னு சொல்லி ஆறு வாரம் ஆச்சு.

டீனா: என்னது?

ஆர்லிஸ்: ஜனவரியிலயே சொல்லிட்டாரு. போய் வேலையைப் பாருங்க, மாட்டு இதயம் மாதிரி பலமா இருக்குன்னாரு. நான்தான் ஹால்வர்சன்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். பொய்தான். ஞாயித்துக்கிழமை சர்ச்ல மன்னிப்புக் கேட்டேன். ஆனா திருத்திக்கறேன்னு மட்டும் சொல்லலை.

டீனா: ஏன் கோச்? உங்களுக்கு உசிரே இதுதானே!

ஆர்லிஸ்: நான் அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் நீ எனக்குப் பின்னால குனிஞ்சு நின்னுக்கிட்டே கிழவியாகியிருப்பே. உன்னை எழுப்ப எனக்கு வேற வழி தெரியலை. நான் எழுந்துட்டேன்.

டீனா: இதைப் போய் இப்போ சொல்றீங்களே... என்னால இப்போ அழ முடியாது, பொண்ணுங்க பார்க்கறாங்க!

ஆர்லிஸ்: அழாதே. ரெஃப்ரி திரும்பறாரு. கையைப் பாரு, கையை... ரெண்டு விரல்! ரெண்டு பாயிண்ட்! கூடை உண்டு!

டீனா: உண்டா? உண்டா!

ஆர்லிஸ்: உண்டுடி! ஜெயிச்சுட்டே! போ, கோட்டை விட்டுட்டேன், குதி! எவ்வளவு வேணும்னாலும் குதி!

டீனா: நீங்களும் வாங்க!

ஆர்லிஸ்: என்னைத் தூக்காதடி! இறக்கு! இடுப்பு! இடுப்பு!

ஹால்வர்சன்: டீனா! வழி விடுங்கப்பா... டீனா, வாழ்த்துக்கள். 'தற்காலிக' போயாச்சு. திங்கக்கிழமை காலையில காபி குடிக்க வா, பேசிக்கலாம். உண்மையைச் சொன்னா, நீ அந்த அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு இறங்கினே பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

ஆர்லிஸ்: அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே ஹால்வர்சன்! கடைசி ஏழு வினாடி என் தையலெல்லாம் பிரிஞ்சிருக்கும்!

ஹால்வர்சன்: உங்களுக்கு மாட்டு இதயம்னு ஆர்வல் சொன்னாரே.

ஆர்லிஸ்: அவன் யார்கிட்டதான் சொல்லலை... சரி, பாப்கார்ன் சிந்துது, போய் வாங்க.

டீனா: நன்றி, சார்! திங்கக்கிழமை வரேன்!

ஆர்லிஸ்: போ, பொண்ணுங்க கூப்பிடறாங்க. ஏணி கொண்டு வந்துட்டாங்க, ஜெயிச்ச டீம் வழக்கப்படி கூடை வலையை வெட்டி எடுக்கணும். கடைசி இழை தலைமைக் கோச்சுக்கு.

டீனா: நீங்க எங்க கிளம்பறீங்க?

ஆர்லிஸ்: வீட்டுக்கு. என் வேலை முடிஞ்சுது. வேலை நிரந்தரம்னு ஆயிடுச்சு, இனிமே நீ தானா நிதானமாயிடுவே. கோட்டு பிடிக்க ஆள் வேண்டாம்.

டீனா: கோச்...

ஆர்லிஸ்: ஒண்ணே ஒண்ணுதான்டி எனக்கு விளங்கலை. இருபது வருஷம் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினது இல்ல நீ. பந்து மூஞ்சியில பட்டாக்கூட பந்துகிட்ட மன்னிப்புக் கேப்பே. அப்பேர்ப்பட்டவ ஒரே வாரத்துல ரெண்டு டெக்னிக்கல் வாங்கிட்டு, ராத்திரி என் வாசல்ல பனியில நின்னு, என்னை அடக்க ஆள் இல்ல கோச், நீங்க வந்து பக்கத்துல உக்காருங்கன்னு அழுதியே... எங்கேர்ந்துடி வந்துச்சு அவ்வளவு கோவம்?

டீனா: கோவமெல்லாம் வரலை, கோச். இன்னிக்குக் கத்தினதுதான் நிஜம். நீங்க மத்தியானம் வரைக்கும் நைட்டியோட ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, சாப்பிடறதே இல்லைன்னு ஆர்வல் வந்து சொன்னாரு. மேட்ச் பார்க்க வாங்கன்னு கூப்பிட்டா வர மாட்டீங்க, வேலைன்னு சொன்னாதானே வருவீங்க... அதான் ரெண்டு தடவையும் நாம முப்பது பாயிண்ட் முன்னால போற வரைக்கும் காத்திருந்து, ரெஃப்ரிகிட்ட முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுட்டுக் கத்தினேன். அடுத்த சீசன் முதல் மேட்ச்லயும் கத்தறதா அந்த ரெஃப்ரிகிட்ட இப்பவே சொல்லி வெச்சாச்சு.