கிளிச் சங்கதியும் ஒரு கசிவும்

இன்று ஆகஸ்ட் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். அவையில் இருப்போர் நூற்று முப்பத்தேழு பேர். விழித்திருப்போர் நூற்று முப்பத்தாறு. முன்வரிசையில் உறங்கும் பெரியவரை யாரும் தட்ட வேண்டாம். அவருக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

'கிளிச் சங்கதியின் இலக்கணம்' என்னும் நானூறு பக்க நூலை எழுதி, அதை எங்கள் தலையிலும் கட்டிய இசைச் சங்கத் தலைவர் அவர்களே! சான்றோர்களே! சலியாத தாய்மார்களே! கதவோரம் நின்று 'எப்போது முடிப்பான்' என்று முணுமுணுக்கும் தோழர்களே! உங்கள் அவசரமே என் அவசரமும். வணக்கம்!

என் தொழில் கசிவு பார்ப்பது. ஆலைக் குழாய்களுக்குள் கேமராவை விட்டு, காற்று எங்கே தப்புகிறது என்று கண்டுபிடிப்பேன். எனக்கு இசை தெரியாது, ஓட்டை தெரியும்.

நம் கிளாரினெட் மேதை மறைந்தார். அவர் ஊதிய வாத்தியம் சங்கத்து அலமாரியில் கிடக்கிறது. நாளை அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டுவது என்பது செயற்குழுவின் முடிவு. "எங்கிட்ட குடுங்க, நான் ஊதணும்" என்பது, தையற்கடை நடத்தும் அவர் மகளின் கோரிக்கை. தலைவர் என்னை அழைத்தார். "தம்பி, அந்த வாத்தியத்தோட வரலாற்றைத் தோண்டிப் பாருங்க. முழுக்க அவரோடதுதான்னா பெட்டிக்குப் போகட்டும். இல்லேன்னா அந்தம்மா எடுத்துக்கட்டும்."

எது கிளிச் சங்கதி? மேதை ஊதும் ராகம் உச்சிக்கு ஏறும்போது, எதிர்பாராத இடத்தில் ஒரு 'கீச்!' கிளி என்றோம்! களிகொண்டோம்! கண்ணீர் விட்டோம்! அதைக் கற்கக் கன்னம் வீங்க ஊதிய மாணவர்களே, ஒருவருக்காவது வந்ததா? என்ன? இல்லையா? சத்தமாகச் சொல்லுங்கள், தலைவர் காதில் விழட்டும்!

தோண்டினேன். அடியில் விரிந்த பித்தளை வாய் யாருடையது? எண்ணெய்க்கடைக்காரர் பதறினார்: "அது என் புனலுங்க! கச்சேரி அன்னிக்கு அவரோடது உடைஞ்சுபோச்சுன்னு வாங்கிட்டுப் போனாரு. அதுலேருந்து பாதி எண்ணெயை நான் தரையிலதான் ஊத்துறேன்." நடுக்குழாய் யாருடையது? தச்சர் சிரித்தார்: "நாற்காலிக் கால், அண்ணே. மிச்ச மூணு காலோட அது இன்னும் நிக்குது. உக்காந்து பாக்குறீங்களா?" ஊதும் முனை? அது மேதையின் பரம வைரியுடையது. "இரவல் வாங்கினான். திருப்பிக் கேட்டா, அதாலேயே ஊதிக் காட்டுவான்!" என்று கொதித்தவர், இதோ, முன்வரிசையில் உறங்கும் பெரியவரேதான்.

மிச்சம் என்ன? ஒரு துளையின் மூடி. மூடிக்கடியில் ஒரு வட்டத் துணி. தடித்த நீலத்துணி, கோணலாக வெட்டியது. கசிவு அங்கேதான்! கழற்றி எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனேன். அந்த அம்மாவின் கையிலிருந்த கத்தரி அப்படியே நின்றது.

"ஐயோ, என் பள்ளிக்கூடக் கோட்டு! ஏழு வயசுல நான் வெட்டிக் குடுத்தது, தம்பி."

"கோணலா இருக்கே?"

"கத்தரி புடிக்கத் தெரியாத வயசு. அப்பா, மாத்தித் தரட்டுமான்னு எத்தனை தடவை கேட்டேன்! 'போடி கழுதை, நீ நேரா வெட்டியிருந்தா எனக்கு யாரு கை தட்டுவா?'ன்னு சிரிப்பாரு."

அவையோரே! கிளி வரவில்லை, காற்று கசிந்தது. கற்பனை இல்லை, கோணல்! இதுதான் சங்கதி!

தலைவர் எழுகிறார். "அப்போ என் புத்தகம்?" என்கிறார். அமருங்கள் ஐயா. உங்கள் நாற்காலிக்கு நான்கு கால் இருக்கிறது.

முழுக்க மேதையுடையதா? வாய் எண்ணெய்க்கடையுடையது. வயிறு நாற்காலியுடையது. முனை எதிரியுடையது. கோணல் மகளுடையது. அவருடையது மூச்சு ஒன்றுதான்! அந்த மூச்சை மூட ஒரு பெட்டியா? மூச்சு முட்டாதா? அந்த நீலத்துணியை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே ஒட்டிவிட்டேன். மேடைக்கு வாருங்கள் அம்மா. தயங்காதீர்கள். ஊதுங்கள்!

…கீச்!

கேட்டதா? கேட்டதா! கை தட்டாதீர்கள், பெரியவரைக் கவனியுங்கள்! துள்ளி எழுந்துவிட்டார். "எங்கடா அவன்? வந்துட்டானா? என் முனையைக் குடுக்கச் சொல்லு!" என்கிறார். இதைவிடச் சான்று வேண்டுமா?

தலைவர் தலையசைக்கிறார். கண்ணைத் துடைக்கிறார். தூசி என்கிறார், இருக்கட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. கிளாரினெட்டை அம்மாவின் கையிலேயே விட்டுவிட்டு இறங்குவேன்.

2. அந்தக் கசிவை அடைக்க மாட்டேன். என் தொழிலில் இதுவே முதல் முறை.

3. எண்ணெய்க்கடைக்காரருக்குப் புதுப் புனல் வாங்கித் தருவேன்.

4. பெரியவரைச் சமாதானப்படுத்த மாட்டேன். அவர் கத்துவது சுருதியோடு சேர்கிறது என்கிறார்கள்.

5. காலிக் கண்ணாடிப் பெட்டியில் தலைவரின் நூலை வைத்துப் பூட்டி, சாவியைத் தொலைப்பேன்.

விழித்திருப்போர் இப்போது நூற்று முப்பத்தேழு பேர். அனைவருக்கும் நன்றி, வணக்கம்!