யானையின் மூக்குச்சளி

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம். காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் இளம் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு ஏறிய ஒரு பெண் அவரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, அந்த யானையோட மூக்குச்சளி எங்க போயி வுழுந்துச்சு?"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியை குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க யாரும்மா?"

"ரெண்டாங்கிளாஸ் செல்வியோட அம்மாங்க. நீங்க கதை வாசிக்கயில, யானை தும்முற எடத்துல மணி அடிச்சிட்டாங்களாம். மறுநாளே காய்ச்சல்ல படுத்துட்டா. நாலு நாளா கஞ்சி எறங்கல. கதையைக் கேட்டுட்டு வான்னு ஒரே அழுகை."

"ராஜா மீசையில வுழுந்துச்சும்மா."

"அய்ய! அப்புறம்?"

"பாயசம்னு நெனச்சு நக்கிட்டாரு."

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் வாடியது. "நான் சொன்னா அவ நம்பமாட்டாங்க. நானா கட்டிச் சொல்றேன்னு சொல்லுவா."

ஆசிரியை பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவரே கலர் பென்சிலில் படம் வரைந்து, நூலால் தைத்தது. "கஞ்சி குடிக்கட்டும். அப்புறம் படத்தைக் காட்டுங்க."

அவள் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேணாங்க. கையெல்லாம் மீன் கவிச்சி. புஸ்தவம் நாறிப்போயிடும்."

"அது ஏற்கெனவே நாறுற புஸ்தகந்தாம்மா. புடிங்க."

அவள் முந்தானையை விரித்து அதில் வாங்கிக்கொண்டாள்.